விளையாட்டுப் பெட்டியும் கல்லாப்பெட்டியும்

2010ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்க விமானப்படை தன்னுடைய புது சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்றை ஊருக்குக் காட்டியது. பெயர் காண்டோர் கிளஸ்டர். நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்றொரு சிறு நகரம். அங்குள்ள ராணுவ ஆய்வுக்கூடத்தில் ரேடார் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் அலசுவதற்காக அதைக் கட்டியிருந்தார்கள். அலமாரிகளில் அடுக்கடுக்காக இருந்தவற்றை எந்தப் பள்ளிக்கூடப் பையனும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லியிருப்பான். எல்லாம் ப்ளேஸ்டேஷன் 3. மொத்தம் 1,760.

விமானப்படைக்கு கேம் பைத்தியம் பிடித்துவிடவில்லை. கணக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள். அதே வேகத்தில் கணக்குப் போடும் கம்ப்யூட்டரை வழக்கமான முறையில் கட்டினால் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்குள், சுமார் 20 லட்சம் டாலரில், வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சல்லிசாக எப்படிக் கிடைத்தது? சோனி அந்தப் பெட்டியை அடக்க விலைக்கும் கீழே விற்றுப் பழகிய நிறுவனம் என்பதுதான் விடை. 2006 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 3 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது விலை 499 டாலர், பெரிய ஹார்ட் டிஸ்க் வைத்தது 599 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் விலை போட்டுப் பார்த்தது. இரண்டுக்குமே 800 டாலருக்கு மேல் வந்தது. பெட்டி ஒன்றுக்குச் சுமார் 240 முதல் 300 டாலர் வரை கைநஷ்டம். விமானப்படை வாங்கிய காலத்தில் தயாரிப்புச் செலவு வெகுவாக இறங்கியிருந்தது என்றாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை: பெட்டியில் விட்டதை கேம் விற்று எடுக்கவேண்டும். ரோம் நகரத்து 1,760 பெட்டிகளுக்கு யாரும் ஒரு கேம்கூட வாங்கப்போவதில்லை.

கன்சோல் சண்டை என்றதும் நம் பையன்கள் பேசுவது டெராஃபிளாப், பிரேம் ரேட், கிராபிக்ஸ். அதெல்லாம் சண்டையின் சத்தம். சண்டை நடப்பது கல்லாப்பெட்டிக்காக. 2021 மே மாதம் கலிபோர்னியாவில் எபிக், ஆப்பிள் நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பிரிவு அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்றதில் நிறுவனம் எப்போதாவது லாபம் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொன்னார். லாபம் வருவது, அந்தப் பெட்டிக்காக யார் கேம் விற்றாலும் அதில் பிடித்துக்கொள்ளும் 30 சதவீதத்தில் இருந்து. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேம் விற்றால் முந்நூறு ரூபாய், கேமை எழுதாத, வரையாத, இசையமைக்காத ஒருவருக்குப் போய்விடும். வாசல் அவருடையது, அவ்வளவுதான்.

இந்த வாசலைப் பூட்டத் தெரியாமல் முதன்முதலில் கெட்டது அட்டாரி. எழுபதுகளின் பிற்பாதியில் அமெரிக்க வீடுகளுக்கு வந்த அட்டாரி 2600 பெட்டியில் எந்த கேசட்டைச் செருகினாலும் ஓடும். அங்கே வேலை பார்த்த நான்கு புரோகிராமர்கள், தாங்கள் எழுதும் கேம்கள் கோடிகளைக் கொட்டுவதையும் தங்கள் சம்பளம் அதே இடத்தில் நிற்பதையும் பார்த்தார்கள். பெட்டியின் மேல்கூடத் தங்கள் பெயர் இல்லை. வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் என்று தனிக்கடை போட்டு, அட்டாரி பெட்டிக்கே கேம் எழுதி விற்கத் தொடங்கினார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் சமரசமாகி ராயல்டி என்று ஏதோ கிடைத்தது. ஆனால் கதவு திறந்துவிட்டது. கண்டவர் எல்லாம் கேசட் போட்டார்கள். கடைகளில் குப்பை குவிந்தது.

அட்டாரியும் தன் பங்குக்குக் குப்பை சேர்த்தது. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை 1982 கிறிஸ்துமஸுக்கு கேமாக்கவேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளிடம் ஐந்து வாரம் அவகாசம் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் அச்சடித்தார்கள். விற்காதவற்றை லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் மற்ற கேசட்டுகளோடு சேர்த்துப் புதைத்தார்கள். வெறும் வதந்தி என்றே பலர் நினைத்திருந்த அந்தச் சம்பவத்தை 2014 ஏப்ரலில் ஒரு ஆவணப்படக் குழு தோண்டி எடுத்து நிரூபித்தது. அமெரிக்காவில் 1983இல் 300 கோடி டாலரைத் தாண்டிய வியாபாரம், 1985இல் சுமார் 10 கோடி டாலருக்கு இறங்கிப்போனது.

அந்தச் சுடுகாட்டில் கடை விரிக்க வந்த ஜப்பானிய நிறுவனம் நின்டெண்டோ, அட்டாரி செய்த தவறை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தது. 1985இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்த அதன் பெட்டிக்குள் ஒரு சிறு சிப்; கேசட்டுக்குள் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டும் பேசிக்கொண்டு ஒத்துப்போனால்தான் கேம் ஓடும். ஜோடி சிப் நின்டெண்டோவிடம் மட்டுமே கிடைக்கும். கேம் எழுதுகிறவர் வருடத்துக்கு ஐந்துக்கு மேல் போடக்கூடாது. கேசட்டை நின்டெண்டோவிடமே அடித்து வாங்கவேண்டும். பணம் முன்கூட்டியே கட்டவேண்டும். அதே கேமை இரண்டு வருடத்துக்கு வேறு பெட்டிக்குத் தரக்கூடாது. ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று இன்று ரசிகர்கள் பெருமையோடு சொல்லும் வழக்கத்துக்கு வேர் இந்த ஒப்பந்தங்களில்தான் இருக்கிறது.

பூட்டு என்று இருந்தால் கள்ளச்சாவி இல்லாமலா? அட்டாரி கேம்ஸ் நிறுவனம் அந்த சிப்பை உடைத்துப் படிக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. கடைசியில் அதன் வக்கீல்கள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், வழக்குக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லி, நின்டெண்டோ அங்கே பதிந்து வைத்திருந்த புரோகிராமின் நகலையே வாங்கிவந்துவிட்டார்கள். அப்போது அப்படியொரு வழக்கே கிடையாது. அந்த நகலைப் பார்த்துச் செய்த சிப்போடு கேசட்டுகள் டெங்கன் என்ற பெயரில் வந்தன. பின்னால் உண்மையிலேயே வழக்கு வந்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நின்டெண்டோ பக்கமே நின்றது. கல்லாவுக்காக இந்தத் தொழிலில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில்தான் அந்தப் பூட்டு இருந்தது. 1983இல் ஜப்பானில் வந்த மூலப் பெட்டியான ஃபேமிகாமில் பூட்டு கிடையாது. அதனால் ஆசியா எங்கும் அதை அச்சு அசலாக நகலெடுத்து விற்றார்கள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் கோடை விடுமுறைக்கு வாங்கி வந்த ‘டிவி கேம்’ அந்த நகல்களில் ஒன்றுதான். கேசட் மேல் 9999 இன் 1 என்று போட்டிருக்கும். உள்ளே இருபது முப்பது கேமே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். சரியாகச் செருகாவிட்டால் திரை கட்டம் கட்டமாகும். கேசட்டைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடி செருகவேண்டும். மரியோவும் கான்ட்ராவும் விளையாடி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நின்டெண்டோ என்ற பெயரே பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த நகல் பெட்டிகளில் அந்த நிறுவனத்துக்குச் சல்லிக்காசு போகவில்லை.

ஆனால் நின்டெண்டோ தனக்குத் தானே ஒரு எதிரியையும் வளர்த்துக்கொண்டது. சோனியில் கென் குடாராகி என்ற பொறியாளர், நிறுவனத்துக்குள் பலருக்கும் பிடிக்காத வேலையாக, நின்டெண்டோவின் அடுத்த பெட்டிக்கு ஒலி சிப் செய்துகொடுத்தார். உறவு நெருங்கி, அந்தப் பெட்டியோடு சிடி ஓட்டும் கருவி ஒன்றைச் சோனி செய்வதாக 1988இல் ஒப்பந்தம் ஆனது. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் ‘ப்ளே ஸ்டேஷன்’ என்ற பெயரோடு சோனி அதை அறிவித்தது. மறுநாள் காலை அதே கண்காட்சியில் நின்டெண்டோ மேடையேறி, சிடி விஷயத்தில் தாங்கள் கைகோத்திருப்பது ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு என்று அறிவித்தது. சோனியின் போட்டியாளரோடு, உலகமே பார்க்க.

காரணம் எளிது. 1988 ஒப்பந்தப்படி சிடியில் வரும் கேம்களின் உரிமப் பணம் சோனி கைக்குப் போகும். நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைத் தாமதமாகக் கவனித்தார். கவனித்தபின் கல்லாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நியாயமான பயம்தான். ஆனால் அவமானப்பட்ட சோனியின் தலைவர் நோரியோ ஓகா, குடாராகியிடம் தனியாகவே ஒரு பெட்டியைச் செய்யச் சொன்னார். நிறுவனத்துக்குள் எதிர்த்தவர்களின் கையில் சிக்காமல் இருக்க அவரைச் சோனி மியூசிக் பக்கம் மாற்றிவிட்டார். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் பிறந்தது. ஒப்பந்த காலத்து மாதிரிப் பெட்டிகளில் ஒன்று பல வருடம் கழித்துத் தற்செயலாக வெளிப்பட்டு, 2020இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது.

ப்ளேஸ்டேஷன் ஜெயித்ததில் சிப்பின் வேகத்துக்கு இருந்த பங்கைவிடப் பாட்டு சிடி அடித்த அனுபவத்துக்கு இருந்த பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. கேசட் செய்ய வாரக்கணக்கில் ஆகும், விலையும் அதிகம். எத்தனை விற்கும் என்று தெரியாமலே கேம் நிறுவனம் முன்பணம் கட்டி, விற்காவிட்டால் தலையில் துண்டு போட்டுக்கொள்ளவேண்டும். சிடியோ மலிவு, கொஞ்சமாக அடித்து, கடையில் தீர்ந்தால் சில நாளில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். இடமும் தாராளம். நின்டெண்டோ 64 கேசட்டில் அதிகபட்சம் 64 எம்பி. சிடியில் அதைப்போலப் பத்து மடங்கு. அதுவரை நின்டெண்டோவுக்கே எழுதிவந்த ஸ்கொயர் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமை 1997இல் மூன்று சிடிகளில் ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி விற்றது. ப்ளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது.

இடையில் சேகாவின் கதை ஒன்று உண்டு, சோகமான கதை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் ஈ3 கண்காட்சி. சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி, செப்டம்பரில் வரவேண்டிய சேட்டர்ன் பெட்டி இன்றைக்கே கடைகளில் கிடைக்கும் என்று அறிவித்தார். விலை 399 டாலர். பெட்டி கிடைக்காத கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். சோனியின் முறை வந்தபோது ஸ்டீவ் ரேஸ் என்ற அதிகாரி மேடையேறி, ‘299’ என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அடுத்து ட்ரீம்காஸ்ட் என்ற நல்ல பெட்டியைச் சேகா கொண்டுவந்தும் அது 91 லட்சத்தோடு நின்றது. 2001 ஜனவரியில் பெட்டித் தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். நிறுவனத்தின் தலைவர் இசாவோ ஒகாவா, சேகா தனக்குத் தரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, ஏறத்தாழ 70 கோடி டாலர் பெறுமான தன் பங்குகளையும் கொடுத்துவிட்டு அந்த மார்ச்சில் இறந்துபோனார். வருடம் முடிவதற்குள் சேகாவின் நீல முள்ளெலி சோனிக், பரம எதிரி நின்டெண்டோவின் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

சேகா காலி செய்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது மைக்ரோசாஃப்ட். பிசி ராஜ்யம் முழுவதும் கையில் இருந்த நிறுவனம் ஏன் ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு ஆசைப்படவேண்டும்? ப்ளேஸ்டேஷன் 2 வெறும் கேம் பெட்டியாக நிற்காமல் டிவிடியும் ஓட்டி, நாளைக்கு இணையமும் காட்டி, வரவேற்பறையில் கம்ப்யூட்டரின் இடத்தையே பிடித்துவிடும் என்ற பயம். 2000 பிப்ரவரி 14 அன்று நிறுவனத்தின் தலைவர்கள் கேட்ஸும் பால்மரும் உட்கார்ந்த கூட்டத்தில், பெட்டியில் விண்டோஸ் இருக்காது என்று தெரிந்து வசவு நெடுநேரம் நீண்டது. சோனியை அப்படியே விட்டுவிடலாமா என்று யாரோ கேட்டபிறகுதான் பணம் ஒதுக்கச் சம்மதித்தார்கள். ஆரம்ப நாட்களில் நின்டெண்டோவையே விலைக்குக் கேட்டுப் பார்த்தார்களாம். எதிரே இருந்தவர்கள் சிரித்தே அனுப்பிவிட்டார்கள் என்று அந்தக் குழுவில் இருந்தவர் பின்னால் சொன்னார்.

2001 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸைத் திறந்தால் உள்ளே இன்டெல் பென்டியம் 3, என்விடியா கிராபிக்ஸ், ஒரு ஹார்ட் டிஸ்க். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்கிற பிசியேதான், பூட்டுப் போட்டு வந்தது. அந்தப் பெட்டியைக் காப்பாற்றியது ‘ஹேலோ’ என்ற ஒரே கேம். அதற்கும் ஒரு பூர்வாசிரமம் உண்டு: 1999 ஜூலையில் அதை உலகுக்கு அறிமுகம் செய்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஆப்பிள் மேடையில், மேக் கம்ப்யூட்டருக்கு வரப்போகும் கேம் என்று. மறுவருடமே அதைச் செய்த பங்கி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஹேலோ இருந்தும் முதல் எக்ஸ்பாக்ஸ் 2.4 கோடியோடு நின்றது. ப்ளேஸ்டேஷன் 2 விற்றது 16 கோடி. அதற்குமுன் வேறு எந்தக் கன்சோலும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அடுத்த சுற்றை வேகமாகக் கடந்துவிடலாம். எக்ஸ்பாக்ஸ் 360 அவசரமாக வந்து, சூடேறி, முகப்பில் சிவப்பு வளையம் எரிந்து செத்தது. பழுதுபார்க்க மைக்ரோசாஃப்ட் 2007இல் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சோனி 599 டாலர் விலையால் அடிவாங்கியது. இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நின்டெண்டோவின் வீ பெட்டி, சக்தியில் இரண்டுக்கும் கீழே இருந்தும், ரிமோட்டைக் கையில் பிடித்து ஆட்டினால் போதும் என்று பாட்டி தாத்தாவையும் இழுத்துவந்து 10 கோடி விற்றது.

2013 மட்டும் நின்று பார்க்கவேண்டிய வருடம். புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டே ஆகவேண்டும், பழைய டிஸ்கை நண்பனுக்குக் கொடுப்பதற்கும் கடையில் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. செகண்ட் ஹேண்ட் டிஸ்கில் கல்லாவுக்கு எதுவும் விழுவதில்லை என்பதே இதன் சூட்சுமம். ஈ3 நாளன்று சோனி அரை நிமிடம்கூட நீளாத ஒரு வீடியோ போட்டது. விஷயம், ப்ளேஸ்டேஷன் 4இல் கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பது. சோனியின் ஷுஹெய் யோஷிடாவும் ஆடம் பாய்ஸும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் டிஸ்க் உறையை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். முடிந்தது. விலை 399 டாலர், எக்ஸ்பாக்ஸைவிட நூறு டாலர் குறைவு. அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஒன்பதே நாளில் மைக்ரோசாஃப்ட் எல்லாக் கட்டுப்பாடுகளையும் வாபஸ் வாங்கியது.

அந்த ஆரவாரத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: அதே மாலை அதே மேடையில், இனிமேல் இணையத்தில் நண்பர்களோடு சேர்ந்து விளையாடச் சந்தா கட்டவேண்டும் என்று சோனி அறிவித்தது. ப்ளேஸ்டேஷன் 3இல் அது இலவசம்.

பிசியில் அது பொதுவாக இலவசம். இங்கேதான் சண்டையின் மூன்றாவது ஆள் வருகிறார். பிசி யாருக்கும் சொந்தமான பெட்டி கிடையாது. சிப் ஒருவருடையது, கிராபிக்ஸ் கார்டு இன்னொருவருடையது, கேபினெட் மூன்றாமவருடையது. நஷ்டத்துக்கு விற்க யாரும் இல்லை. அதனால் விலை அதிகம். 2025இல் வந்த என்விடியாவின் உச்ச கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 1,999 டாலர். அந்தக் காசில் அப்போது நாலு கன்சோல் வாங்கியிருக்கலாம். ஆனால் பூட்டும் இல்லை. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய கேம் புது மெஷினிலும் ஓடும். ரசிகர்களே மாற்றி எழுதிய ‘மாட்’ போட்டுக்கொள்ளலாம். உலகின் பெரும் போட்டி கேம்களில் ஒன்றான கவுன்டர் ஸ்ட்ரைக், அப்படி ஒரு மாணவரும் அவர் நண்பரும் ஹாஃப் லைஃப் கேமை மாற்றி எழுதியதில் இருந்து பிறந்ததுதான்.

பெட்டி இல்லாமல் கல்லா மட்டும் வைக்கமுடியும் என்று கண்டுபிடித்தவர் கேப் நியூவெல். மைக்ரோசாஃப்டில் இருந்து வெளியேறி வால்வ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2003 செப்டம்பரில் ஸ்டீம் வந்தபோது ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த வருடம் ஹாஃப் லைஃப் 2 வாங்கியவர்கள், கடையில் டிஸ்க் வாங்கியிருந்தாலும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கினால்தான் விளையாடலாம் என்று அறிந்து இன்னும் திட்டினார்கள். இன்று அதே ஸ்டீமில் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியிருக்கிறது. அங்கேயும் அடிப்படைப் பங்கு 30 சதவீதம்தான். எபிக் நிறுவனம் 2018இல் 12 சதவீதத்துக்குக் கடை போட்டு, வாரம் ஒரு கேமை இலவசமாகவும் கொடுத்துப் பார்க்கிறது. கூட்டம் இலவசத்தை வாங்கிக்கொண்டு ஸ்டீமுக்கே திரும்பிவிடுகிறது.

நம் ஊரில் பிசி வேரூன்றியதற்குக் காரணம் இதைவிடச் சாதாரணம். கன்சோல் வேண்டும் என்று வீட்டில் கேட்டால் உதைதான் கிடைக்கும். கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டால் படிப்புக்கு என்று ஆகிவிடும். இரண்டாயிரங்களில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று கட்டி, லேனில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடாத கல்லூரி மாணவர் குறைவு. கேம் எல்லாம் பர்மா பஜார் சிடிதான், மறைக்க என்ன இருக்கிறது. 2015இல் ஸ்டீம் ரூபாயில் விலை போட ஆரம்பித்து, தள்ளுபடி நாட்களில் இருநூறுக்கும் முந்நூறுக்கும் விற்றபிறகு காசு கொடுத்து வாங்கும் பழக்கம் மெல்லப் பிடித்தது. ப்ளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது, முன்பதிவிலேயே நிமிடங்களில் தீர்ந்துபோனது; ஆனால் அப்போது அதற்கு வந்த பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். நின்டெண்டோ தன் ஸ்விட்ச் பெட்டியை இங்கே அதிகாரபூர்வமாக விற்கவில்லை. அது வேண்டுமென்றால் துபாய், சிங்கப்பூரில் இருந்து வருகிற சொந்தக்காரரைப் பிடிக்கவேண்டும், அல்லது இறக்குமதிக் கடைக்காரரை.

இதற்குள் பெட்டிகளின் உள்ளே ஒரு மாற்றம் நடந்து முடிந்திருந்தது. 2013இல் இருந்து சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டுமே ஏஎம்டி நிறுவனத்தின் சிப்பைத்தான் வைக்கின்றன. பிசியில் இருக்கும் அதே வகை. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்கு மாற்றுவது முன்போலப் பெரும் வேலை அல்ல. இன்னொரு பக்கம் கேம் செய்யும் செலவு மலையேறிவிட்டது. எவ்வளவு என்பது 2023இல் தற்செயலாகத் தெரியவந்தது. ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்குவதை எதிர்த்த வழக்கில் சோனி ஒரு ஆவணத்தைத் தாக்கல் செய்தது. ரகசிய எண்களை யாரோ கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது மையின் கீழே எழுத்து பளிச்சென்று தெரிந்துவிட்டது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ செய்ய 22 கோடி டாலர். ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ செய்ய 21.2 கோடி டாலர்.

அவ்வளவு போட்டு எடுத்ததை ஒரே பெட்டிக்குள் பூட்டி வைத்தால் கட்டுப்படியாகுமா? 2020 ஆகஸ்டில் சோனி தன் ‘ஹொரைசன் ஸீரோ டான்’ கேமை பிசிக்குக் கொண்டுவந்தது. ‘காட் ஆஃப் வார்’ 2022இல் வந்தது. 2024 பிப்ரவரியில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ ப்ளேஸ்டேஷனுக்கும் பிசிக்கும் ஒரே நாளில் வந்து சக்கைப்போடு போட்டது. மே மாதம் சோனிக்குப் பழைய புத்தி வந்தது: பிசியில் வாங்கியவர்களும் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்குத் தொடங்கியே ஆகவேண்டும். அந்தச் சேவை இல்லாத நாடுகள் நூற்றுக்கும் மேல். இலங்கையும் அதில் ஒன்று. காசு கொடுத்து வாங்கி மூன்று மாதம் விளையாடியவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டி வரும் என்ற நிலை. ஸ்டீமில் கண்டன விமர்சனங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. தன் வீட்டில் சட்டம் போடுகிற தோரணையில் அடுத்தவர் திண்ணையில் சட்டம் போடப் பார்த்ததன் பலன்.

மைக்ரோசாஃப்ட் இன்னும் தூரம் போய்விட்டது. மாதச் சந்தாவுக்கு நூறுக்கும் மேற்பட்ட கேம்கள் என்று 2017இல் கேம் பாஸ் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில், அன்று அட்டாரியை விட்டு வெளியேறிய நால்வரின் ஆக்டிவிஷனை, பன்மடங்கு பருத்த நிலையில், 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. வாங்க அனுமதி கேட்டு வாதாடியபோது, கன்சோல் போரில் எக்ஸ்பாக்ஸ் தோற்றுவிட்டது என்று அதன் வக்கீல்களே நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தார்கள். வழக்கு ஜெயிக்கச் சொன்ன வாதம்தான், பொய்யும் இல்லை. 2024 முதல் அதன் கேம்கள் ஒவ்வொன்றாக ப்ளேஸ்டேஷனுக்குப் போகின்றன.

பெட்டி இல்லாமலே கல்லா வைக்கப் பார்த்து, கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. 2019இல் சுந்தர் பிச்சை மேடையேறி அறிமுகம் செய்த கூகுளின் ஸ்டேடியா, கேம் தூரத்து சர்வரில் ஓடும், படம் மட்டும் உங்கள் திரைக்கு வரும் என்றது. 2023 ஜனவரியில் மூடிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட விசேஷமான கேம் இல்லாத கடைக்கு யாரும் வரவில்லை. இந்தப் பாடத்தை நின்டெண்டோவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மரியோ, செல்டா வரிசையின் பெரிய கேம்கள் அதன் பெட்டியில் மட்டும்தான், பிசிக்கு வராது. பிசியில் ஸ்விட்ச் கேம்களை ஓட்டிக்காட்டிய யூஸு மென்பொருளைச் செய்தவர்கள் 2024இல் 24 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 நான்கே நாளில் 35 லட்சம் விற்றது.

பழைய கணக்கு ஒன்று மட்டும் எல்லோருக்கும் உடைந்துகொண்டிருக்கிறது. கன்சோல் என்றால் வருடம் ஏற ஏற விலை இறங்கவேண்டும்; 299 டாலருக்கு வந்த ப்ளேஸ்டேஷன் 2 கடைசியில் 99 டாலருக்கு விற்றது. இப்போதோ வந்து ஏறத்தாழ ஐந்து வருடம் ஆன ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும் அமெரிக்காவில் 2025இல் விலை ஏற்றினார்கள். சிப் செய்யும் செலவு முன்போல் வருடாவருடம் குறைவதில்லை. இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டது. அந்த நவம்பரில் வால்வ், டிவிக்கு அடியில் வைக்கும் ஸ்டீம் மெஷின் என்ற சிறு பெட்டியை அறிவித்தது. கன்சோல்போல நஷ்டத்துக்கு விற்கப்போவதில்லை, பிசி விலைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். திறந்த பெட்டியை வாங்கியவர் அதில் ஸ்டீமையே திறக்காமல் போகலாம் அல்லவா?

அதற்குச் சில வாரம் முன்பு, 2025 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸின் முகமாக இருந்த முதல் ஹேலோ புதுப்பிக்கப்பட்டு 2026இல் வரும் என்றது; எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும், முதன்முறையாக ப்ளேஸ்டேஷனுக்கும். ஹேலோவைப் படைத்த பங்கி நிறுவனம் 2022இல் 360 கோடி டாலருக்குக் கைமாறி இப்போது சோனியிடம் இருக்கிறது. ரசிகர்கள் இணையத்தில் துக்கம் கொண்டாடினார்கள், கிண்டல் செய்தார்கள். ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் ஹேலோ விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் சோனி தன் பங்கை வழக்கம்போலப் பிடித்துக்கொள்ளும். மீதி மைக்ரோசாஃப்டுக்குப் போகும்.